தொட்டுத் தெரிந்த ‘நான்’

புதுச்சேரி மரீன் வீதியில் உள்ள அரவிந்தர் ஆசிரமத்துக்குள் நுழைந்ததும் பேச்சு தானாக நின்றுவிடும். செருப்பை வெளியே விட்டு, கைபேசியை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முற்றத்தின் நடுவே ஒரு பெரிய மரம். அதன் நிழலில் சமாதி. நாள்தோறும் அதன்மேல் பூக்களைக் கோலம்போல் அடுக்கி வைக்கிறார்கள். வருகிறவர்கள் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். காதுக்கு வேலையில்லை, வாய்க்கும் வேலையில்லை. புலன்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, உள்ளே ‘நான்’ என்று ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேட ஊருக்குள் இதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஆனால் சற்று நேரம் ஓரமாக நின்று பார்த்தால் வேறொன்றும் கண்ணில் படும். எழுந்து போவதற்கு முன் பலரும் சமாதியருகே மண்டியிடுகிறார்கள். உள்ளங்கையையோ நெற்றியையோ அந்தக் கல்லின்மேல் வைத்து, அப்படியே சில நொடி இருக்கிறார்கள். கண்ணையும் காதையும் வாயையும் அடைத்துவிட்டு வந்தவர்கள்கூடத் தொடுவதை மட்டும் விடுவதில்லை.

ஓர் உயிர் பிறந்ததிலிருந்தே எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, முகரவில்லை, சுவைக்கவில்லை, தொட்டும் உணரவில்லை என்று வைத்துக்கொண்டால், ‘நான் இருக்கிறேன்’ என்பது அதற்குத் தெரியுமா? பொழுதுபோகாதவர்களின் கேள்வியாக இது தோன்றலாம். கண்ணும் காதும் ஒருசேர இயங்காமல் பிறக்கும் குழந்தையின் வீட்டில் இதைவிட அவசரமான கேள்வி வேறில்லை. அந்தக் குழந்தைக்குள் ஓர் ஆள் இருக்கிறாரா, எந்த வழியாக அவரை எட்டுவது என்பதெல்லாம் இதற்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்தது.

தமிழில் இந்தக் கணக்கு மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறது. ஓரறிவு உயிருக்குத் தொட்டு உணரும் அறிவு மட்டும் உண்டு. புல்லும் மரமும் அந்த வகை. அதன்மேல் நாவும், மூக்கும், கண்ணும், செவியும் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஆறாவதாக மனம் வருகிறது; அதுதான் மனிதர். இதில் கவனிக்க இரண்டு செய்திகள் உண்டு. கணக்கு ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. பூச்சிய அறிவுள்ள உயிர் என்று ஒன்று பட்டியலிலேயே இல்லை. அடுத்தது, அடிப்படையாக வைத்தது கண்ணை அல்ல, தொடுதலை. தொடுபுலனுக்கு நம் முன்னோர் வைத்த பெயரும் ‘மெய்’. உடம்புக்கும் உண்மைக்கும் அதே சொல்தான்.

பிரெஞ்சுக்காரர்களும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்களே. 1754ஆம் ஆண்டு, துய்ப்ளேக்ஸ் புதுச்சேரியின் ஆளுநர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட அதே ஆண்டில், பாரிசில் கொந்தியாக் என்ற தத்துவவாதி புலனுணர்வுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரு சிலையைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார் அவர். உள்ளே மனிதனைப்போன்ற அமைப்பு, வெளியே பளிங்கு. இதுவரை எந்த உணர்வும் அதற்குள் போனதில்லை. முதலில் மூக்கை மட்டும் திறந்து ஒரு ரோஜாவை நீட்டுகிறார். ரோஜாவை முகர்கிறோம் என்று சிலைக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை அதுவே ரோஜா மணம். அந்த மணம்தான் அதன் முழு இருப்பும். பிறகு காது, நாக்கு, கண் என்று ஒவ்வொன்றாகத் திறந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. தன்னையும் உலகத்தையும் பிரித்தறிய அதற்கு வழி கிடைக்கவில்லை.

கையைத் திறந்துவிட்ட பிறகுதான் மாற்றம் வருகிறது. சிலையின் கை அதன் மார்பைத் தொடும்போது இரண்டு இடத்தில் உணர்வு எழுகிறது: தொட்ட கையிலும், தொடப்பட்ட மார்பிலும். அது ‘நான்’. அதே கை பக்கத்தில் கிடக்கும் வேறொரு பொருளைத் தொட்டால் கையில் மட்டுமே உணர்வு. எதிரிலிருந்து பதில் வருவதில்லை. அது ‘நான் அல்ல’. தன்னுணர்வின் முதல் கோடு இங்கே விழுகிறது என்றார் கொந்தியாக். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் துய்ப்ளேக்ஸுக்கு இன்றும் சிலை இருக்கிறது. கொந்தியாக்கின் சிலை வெறும் கற்பனைதான், ஆனாலும் இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு அதற்குச் சாட்சி சொல்ல ஆய்வுக்கூடத்திலிருந்தே ஆள் வந்தது. அந்தக் கதை பின்னால் வரும்.

இதற்கு நேர் எதிரான பதிலும் உண்டு. அது இன்னும் பழையது. 980இல் பிறந்த மருத்துவ மேதை இப்னு சீனா ஒரு மனிதனை வெட்டவெளியில் மிதக்கவிட்டார். கண் மறைக்கப்பட்டிருக்கிறது. கைகால்கள் ஒன்றையொன்று தொடாதபடி விலகியிருக்கின்றன. காற்றின் உரசல்கூட இல்லை. தனக்கு உடம்பு இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனாலும் ‘நான் இருக்கிறேன்’ என்பதை அவனால் மறுக்க முடியாது என்றார் இப்னு சீனா. ஆகவே ஆன்மா உடம்பைச் சார்ந்ததல்ல என்பது அவர் முடிவு.

கம்பீரமான வாதம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. மிதக்கும் மனிதன் அந்த நொடியில்தான் படைக்கப்படுகிறான்; ஆனால் முழு வளர்ச்சியோடு, கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் அறிவோடு படைக்கப்படுகிறான். அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று இப்னு சீனா கேட்கவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் புதுச்சேரி மண்ணின் சொந்தச் சாட்சியான அரவிந்தரையும் அணுக வேண்டும். 1910 ஏப்ரல் 4ஆம் நாள் பிரிட்டிஷ் காவல்துறைக்குத் தப்பிக் கப்பலில் வந்திறங்கியவர் அவர். 1914 ஆகஸ்டு 15 முதல் இங்கிருந்தே ‘ஆரியா’ என்ற மாத இதழை நடத்தினார். ‘தி லைஃப் டிவைன்’ நூல் தொடராக வந்தது அதில்தான். வேதாந்தத்தின் அறிவுமுறைகளைப் பேசும் இயலில் அவர் சொல்வதன் சாரம் இது: மனமே உண்மையான புலன், கண்ணும் காதும் அது வெளியுலகத்தைத் தொட வைத்துக்கொண்ட கருவிகள். மற்ற எல்லாவற்றையும் நாம் புலன்வழியே அறிகிறோம்; தன்னைத் தான் அறிவது மட்டும் அப்படியல்ல. அங்கே அறிபவரும் அறியப்படுவதும் ஒன்றாகவே இருப்பதால் நடுவில் கருவி தேவைப்படுவதில்லை.

இது அவர் படித்துச் சொன்னது மட்டுமல்ல. 1908 ஜனவரியில் பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்ற யோகியோடு ஓர் அறையில் அமர்ந்து, மூன்று நாளில் எண்ணங்கள் முற்றிலும் அடங்கிய நிலையை எட்டியதாக அவரே பதிவு செய்திருக்கிறார். 1926 நவம்பர் 24க்குப் பிறகு இந்த மரீன் வீதி வீட்டின் மாடியிலேயே தங்கிவிட்டார். 1950 டிசம்பர் 5இல் மறையும்வரை, ஆண்டுக்குச் சில தரிசன நாள்களில் மட்டுமே மக்கள் அவரைப் பார்க்க முடிந்தது.

அந்த மாடியறை புலன்கள் அற்ற இடமாக இருந்ததா? 1930களில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் வெளியே வந்தன. சீடர்கள் அனுப்பும் நோட்டுப் புத்தகங்களுக்கு இரவெல்லாம் விழித்துப் பதில் எழுதினார். ‘சாவித்திரி’ காவியம் வரிவரியாகத் திருத்தப்பட்டு வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வானொலிச் செய்தி அந்த அறைவரை போனது. 1938இல் தொடை எலும்பு முறிந்தபோது வலியும் போயிற்று. உலகத்திலிருந்து விலகியிருந்தார் என்பது உண்மை. ஆனால் ஊர்க்கதவை மூடியவர், உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார்.

மேற்கே, திருவண்ணாமலையில் இருந்தவர் இன்னும் வலுவான சாட்சி. 1896 ஜூலையில் மதுரையில் ஒரு வீட்டு மாடியில், பதினாறு வயது வேங்கடராமனைச் சாவு பயம் திடீரெனப் பிடித்தது. அவர் வைத்தியரைத் தேடி ஓடவில்லை. பிணம்போல் மல்லாந்து படுத்தார், கைகால்களை விறைத்துக்கொண்டார், மூச்சை அடக்கி வாயை இறுக மூடினார். இந்த உடம்பு செத்துவிட்டது, சுடுகாட்டுக்குப் போகும், நானுமா செத்துவிட்டேன் என்று உள்ளே பார்த்தார். உடம்போடு சேராத ஒரு ‘நான்’ அங்கே ஒளிர்ந்ததாகப் பின்னாளில் ரமணராகச் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பர் 1இல் அண்ணாமலை சேர்ந்தார். ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியும் அவருக்குத் தெரியவில்லை; மற்றவர்கள்தான் தூக்கி வந்தார்கள்.

இதைக் கட்டுக்கதை என்று தள்ளுவது நேர்மையாகாது. நேரில் பார்த்தவர்கள் இருந்தார்கள். ரமணரும் சொல்லலங்காரத்துக்காகப் பேசுகிறவர் அல்லர். புலன் அடங்கிய பின்னும் ‘நான்’ தங்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையைவிட நல்ல ஆதாரம் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அந்த ஆதாரம் எதை நிறுவுகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த மாடியில் படுத்தது பதினாறு ஆண்டு பார்த்து, கேட்டு, பந்து விளையாடி, அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்த பையன். ‘உடம்பு’, ‘சாவு’, ‘நான்’ என்ற மூன்று சொல்லும் அவனிடம் தயாராக இருந்தன. விளக்கு ஏற்றிய பிறகு தீக்குச்சி அணைந்தாலும் சுடர் நிற்கும் என்று அவர் காட்டினார். தீக்குச்சியே இல்லாமல் விளக்கு எரியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு அரவிந்தரோ ரமணரோ சாட்சியாக முடியாது. இருவரும் புலன் வாசல் வழியாக நுழைந்து பின்னால் கதவைச் சாத்தியவர்கள்.

அந்த வேறு கேள்விக்குப் பதில் சொன்னவர் இருவருக்கும் நடுவழியில் இருக்கிறார். விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், பன்னிரண்டே சூத்திரம் கொண்ட சிவஞானபோதத்தில் மூன்றாவதை உயிர் உண்டு என்று நிறுவுவதற்கே ஒதுக்குகிறார். ‘என் உடம்பு’ என்று உடம்பைப் பிரித்துச் சொல்லும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பொறியும் ஒவ்வொன்றையே அறிய, ஐந்தையும் சேர்த்து அறிவது ஒன்று இருக்கிறது. கனவை நினைவுகூர்வது ஒன்று இருக்கிறது என்று அடுக்குகிறார். ஆக உயிர் என்பது புலன்களின் கூட்டுத்தொகை அல்ல. இதுவரை அரவிந்தருக்கும் அவருக்கும் சண்டையில்லை.

ஆனால் சைவ சித்தாந்தம் அங்கே நிற்பதில்லை. உடம்பும் கருவிகளும் சேராத உயிரின் நிலைக்கு அது ஒரு பெயர் வைத்திருக்கிறது: கேவலம். அந்த நிலையில் உயிர் இருக்கிறது. ஆனால் எதையும் அறிவதில்லை, விரும்புவதில்லை, செய்வதில்லை. தான் இருப்பதையும் அறிவதில்லை. கும்மிருட்டில் திறந்திருக்கும் கண்ணைப்போல. கண்ணில் பழுதில்லை, ஆனாலும் பார்வை இல்லை. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும், அதாவது உடம்பும் கருவியும் உலகமும் அனுபவமும், கூடிய பிறகே உயிர் சகல நிலைக்கு வந்து அறியத் தொடங்குகிறது. இரவில் ஏற்றிய சின்ன விளக்கு மாதிரி இவை உதவுகின்றன. ஆன்மாவை முழுமனதாக நம்பிய ஒரு தமிழ் மரபே, கருவியில்லாத ஆன்மாவுக்குத் தன்னுணர்வு கிடையாது என்று எழுநூறு ஆண்டுக்கு முன்பே கறாராகச் சொல்லிவிட்டது. புலன்களை வேண்டாத சுமையாகப் பேசும் இன்றைய தியானச் சொற்பொழிவுகளில் இந்தப் பக்கம் ஏன் வாசிக்கப்படுவதில்லை என்பது வருத்தமான கேள்வி.

‘நான்’ என்ற சொல்லையே எழுதிப் பார்க்கலாம். ‘நா’ என்பது உயிர்மெய். ‘ன்’ என்பது மெய். தனியாக நிற்கும் உயிரெழுத்து அதில் ஒன்றுகூட இல்லை.

புலன்களுக்குத் தீனியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளரின் குழு கல்லூரி மாணவர்களை நாளுக்கு 20 டாலர் கொடுத்துப் படுக்க வைத்தது. வேலை ஒன்றுமில்லை, சும்மா படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உருவம் தெரியாத மங்கல் கண்ணாடி, கையில் பஞ்சுறை, அதன்மேல் அட்டைக் குழல், காதுக்கு ஒரே மாதிரியான இரைச்சல். அந்தக் காலத்து மாணவனுக்கு 20 டாலர் பெரிய காசு. ஆனாலும் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்கவில்லை. இல்லாத உருவங்கள் கண்முன் வந்தன. தொடர்ந்து யோசிக்க முடியாமல் போயிற்று. தன் பக்கத்தில் இன்னோர் உடம்பு படுத்திருப்பதாகச் சிலர் உணர்ந்தார்கள். ஒருவருக்குத் தன் மனம் பஞ்சு உருண்டையாகி உடம்புக்கு மேலே மிதப்பதுபோல் இருந்தது. புலன்கள் முழுதாக அடங்கக்கூட இல்லை, சலித்துப்போயின. அதற்கே தன் எல்லை எது என்ற பிடி தளர்ந்துவிட்டது.

புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் மாத்ரிமந்திரின் உள்ளறையைக் கட்டியவர்களுக்கு இது புரிந்திருந்தது என்றே சொல்லலாம். சுவர், தரை, தூண் எல்லாமே வெள்ளை. ஓசையே இல்லை. ஆனால் நடுவில் 70 செ.மீ. விட்டமுள்ள ஒரு படிகக் கோளம் இருக்கிறது. கூரைமேல் கண்ணாடி வைத்துச் சூரியக் கதிர் ஒன்றை அதன்மேல் விழச் செய்திருக்கிறார்கள். மனம் பற்றிக்கொள்ள ஒற்றைக் கதிராவது வேண்டியிருக்கிறது.

மறுதரப்பின் மிக வலுவான சான்றையும் மறைக்கக்கூடாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், பிறவியிலேயே கைகள் இல்லாத ஓர் இந்திய இளம்பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். பேசும்போது தன் கைகள் அசைவதை அவர் உணர்ந்தார். ஒருநாளும் இல்லாத கைகள்! உடம்பின் வரைபடம் ஓரளவுக்கு மூளையில் பிறக்கும்போதே எழுதப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள். வரைபடம் இருக்கலாம். ஆனால் மற்றவர்கள் கையாட்டிப் பேசுவதை அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். மீதி உடம்பு முழுக்க உணர்வுள்ளவர். விதை உள்ளே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம். மழையே இல்லாமல் முளைத்தது என்று சொல்ல இது போதாது.

இந்த விவாதம் முழுவதிலும், அந்த எல்லைக்கு மிக அருகே போய்த் திரும்பி வந்து, என்ன நடந்தது என்று சொல்லவும் முடிந்தவர் ஹெலன் கெல்லர். 1880இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு பார்வையும் செவியும் போயின. தொடுதலும் மணமும் சுவையும் மிஞ்சின. பசித்தால் சைகை காட்டினார், கோபம் வந்தால் உதைத்தார், அம்மாவின் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரியும் நம் வீட்டுக் குழந்தைபோல் அவரும் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். ஆனால் 1908இல் வெளியிட்ட ‘தி வேர்ல்ட் ஐ லிவ் இன்’ நூலில், ஆசிரியர் வருவதற்கு முன்பு தான் இருப்பதே தனக்குத் தெரியாது என்று அவர் எழுதுகிறார். ஆசை இருந்தது, பழக்கம் இருந்தது. ஆசைப்படுவது யார் என்ற எண்ணம் இல்லை.

1887 மார்ச் 3இல் ஆன் சல்லிவன் வந்தார். தானும் பாதிப் பார்வை உள்ளவர். குழந்தையின் உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாகச் சொற்களை எழுதினார். ஹெலன் அதைத் திருப்பி எழுதினார். ஆனால் அது விளையாட்டு, அவ்வளவே. ஏப்ரல் 5ஆம் நாள் எரிச்சலில் புதுப் பொம்மையைத் தரையில் அடித்து உடைத்தார். துளி வருத்தமும் இல்லை என்று பின்னாளில் எழுதினார். பிறகு ஆசிரியர் அவரை அடிபம்புக்குக் கூட்டிப் போனார். ஒரு கையில் தண்ணீர் கொட்டியது. மறு கையில் ‘தண்ணீர்’ என்ற சொல்லை சல்லிவன் எழுதினார். அங்கேதான் பொறி தட்டியது. அன்றைக்கே முப்பது சொல் கற்றுக்கொண்டார்.

அடிபம்புக் கதை உலகத்துக்கே தெரியும். அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். வீட்டுக்குள் திரும்பி வந்த ஹெலனுக்கு உடைந்த பொம்மை ஞாபகம் வந்தது. தடவித் தடவிப் போய்ச் சில்லுகளைப் பொறுக்கி ஒட்ட வைக்கப் பார்த்தார். ஒட்டவில்லை. கண்ணில் நீர் முட்டியது. வாழ்க்கையில் முதன்முறையாகக் கழிவிரக்கம் வந்தது. ‘இதைச் செய்தது நான்’ என்று தெரிந்தவருக்கு மட்டுமே வரக்கூடிய உணர்ச்சி அது. ஒரு மணி நேரத்துக்கு முன் பொம்மையை உடைத்த கைகளும் அதே கைகள்தான். அப்போது அங்கே வருந்த ஆள் இல்லை.

தொடுபுலன் ஆறேழு ஆண்டாக அவரிடம் இருந்தது. அது மட்டும் போதவில்லை. தொடும் விரலுக்குப் பின்னால் இன்னொருவர் தேவைப்பட்டார். தமிழ் இலக்கணம் ‘நான்’ என்பதைத் தன்மை என்றும் ‘நீ’ என்பதை முன்னிலை என்றும் பிரிக்கிறது. முன்னால் வந்து நிற்பதால் அது முன்னிலை. ஹெலன் முன்னால் ஒருவர் வந்து நின்ற நாளில்தான் அவருடைய தன்மை பிறந்தது. அந்தச் சிறுமி பின்னாளில் பட்டதாரியாகி, 1955இல் இந்தியாவுக்கும் வந்து போனார்.

கொந்தியாக்கின் சிலைக்கு வந்த சாட்சி இங்கே பொருந்துகிறது. பிறந்த குழந்தையின் கன்னத்தை விரலால் தொட்டால், முலை தேடி அந்தப் பக்கம் தலை திரும்பும். 1997இல் பிலிப் ரோஷா, சூசன் ஹெஸ்போஸ் என்ற ஆய்வாளர்கள், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சிசுக்களைக் கவனித்தார்கள். வேறொருவர் விரல் பட்டால் திரும்பும் குழந்தை, தன் கையே தன் கன்னத்தில் பட்டால் அவ்வளவாகத் திரும்புவதில்லை. ‘இது நான், இது வேறு’ என்ற கோடு மெல்லியதாக விழத் தொடங்கியிருக்கிறது. அதுவும் திடீரென வந்ததல்ல. கருவில் இரண்டாம் மாதத்திலேயே வாயைச் சுற்றித் தொடு உணர்வு அரும்பிவிடுகிறது. காது கேட்பதற்கு ஆறு மாதம் போல் ஆகிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்து வளையல் குலுங்கச் செய்யும் ஊரில் இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. எல்லாப் புலனும் அற்று, வெறும் ‘நான்’ ஆக யாரும் ஒரு நாளும் இருந்ததில்லை. கருவறைத் தண்ணீரே முதல் தொடுதல்.

இயந்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2022இல் கூகுளின் பொறியாளர் ஒருவர், தாம் உரையாடிய லாம்டா என்ற மென்பொருளுக்குத் தன்னுணர்வு வந்துவிட்டதாக அறிவித்து உலகையே பேச வைத்தார். ‘நான் உணர்கிறேன்’ என்று திரையில் எழுத்து வருவதை இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அந்தச் சொற்கள் எல்லாம் தொட்டும் வலித்தும் பசித்தும் வாழ்ந்த மனிதர்கள் எழுதிவைத்தவை. அவற்றிலிருந்தே அந்த வாக்கியம் நெய்யப்படுகிறது. வாக்கியம் இருப்பதாலேயே உள்ளே ஆள் இருப்பதாக முடிவுகட்டுவது அவசரம்.

எதிர்ப்பக்கத்து அவசரம் இன்னும் ஆபத்தானது: வாக்கியம் வராததால் உள்ளே ஆள் இல்லை என்று முடிவுகட்டுவது. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழு, விபத்துக்குப் பின் எந்த அசைவும் பதிலும் இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை மூளை ஸ்கேனுக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னது. நலமுள்ளவர்களுக்கு எந்தப் பகுதி ஒளிருமோ, அவர் மூளையிலும் அதே பகுதி ஒளிர்ந்தது. காது என்ற ஒரு வாசல் திறந்திருந்ததால்தான் அவரை எட்ட முடிந்தது.

புதுச்சேரியில் இந்த வாதம் வந்து சேரும் இடமும் ஒரு வாசல்தான். ஊருக்குத் தெற்கே, கடலூர் சாலையில், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு அதன் தாய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசுவாமி, அரவிந்தரின் பக்தர். அவர் பெயரையே வைத்தார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைப் பழக்கி, கண்ணறுவை செய்ய ஏற்றவையாக மாற்றிக்கொண்டவர் அவர். தன்னறிவுக்குக் கண் தேவையில்லை என்று எழுதிய ஞானியின் பெயரில், ஏழைகளின் கண்ணைத் திறக்கும் வேலை நடக்கிறது. அந்த பக்தர் தம் குருவைச் சரியாகவே படித்திருந்தார் என்று இந்தக் கட்டுரை நம்புகிறது.

கண் திறக்க முடியாத, காதும் கேளாத குழந்தைகளின் நிலை வேறு. தாய்க்குக் கருவுற்ற முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் அது தாக்கக்கூடும். 1941இல் ஆஸ்திரேலிய கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதைக் கண்டறிந்தார். தாய்க்கு அது லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்து போய்விடும். தடுக்க ஊசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நாட்டிலேயே முதல் கட்டமாகத் தொடங்கிய ஐந்து இடங்களில் புதுச்சேரியும் தமிழ்நாடும் உண்டு. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று திட்டம். தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திய பெற்றோரும் இருந்தார்கள். ஒரு குழந்தையின் இரண்டு வாசலை அடைக்கக்கூடிய நோயைப் பற்றி அவ்வளவு எளிதாகப் பொய் பரவியதை மறக்க முடியவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பார்வையும் செவியும் சேர்ந்து இல்லாமை பல்வகைக் குறைபாட்டுக்குள் தனியாகப் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. இத்தகைய குழந்தைகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இயங்குகிறது. புதுச்சேரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். கைக்குழந்தையோடு வாரந்தோறும் அங்கே பேருந்தேறிப் போகக் கூலிவேலை செய்யும் தாயால் முடியாது. பிறந்த குழந்தைக்குக் காதுச் சோதனை ஓரிடத்தில், கண் சோதனை வேறிடத்தில், இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை என்ற நிலை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கக்கூடாது. இரண்டும் இல்லாத குழந்தையை ‘மூளை வளர்ச்சி இல்லை’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்பும் வழக்கம் எங்கிருந்தாலும் நிற்க வேண்டும். முட்டுக்காட்டில் கற்ற சிறப்பாசிரியர் ஒருவராவது காரைக்கால் உள்பட ஒவ்வொரு பகுதியிலும் வீடு தேடிப் போக வேண்டும். அங்கன்வாடி ஊழியருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாலே தாய்க்குச் சொல்லித்தர எவ்வளவோ இருக்கிறது.

அந்தப் பயிற்சியில் வருவது பெரிய மந்திரம் எதுவுமல்ல. குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. அதன் கைக்கு அடியில் நம் கையை வைக்க வேண்டும், விரும்பினால் விலக்கிக்கொள்ள அதற்கு வழி இருக்க வேண்டும். சோறூட்டும் முன் கிண்ணத்தைத் தொடக் கொடுக்க வேண்டும். குளிக்கும் முன் சொம்பை. வந்திருப்பது யார் என்று தெரிய ஒவ்வொருவரும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்: அம்மாவுக்குக் கண்ணாடி வளையல், அப்பாவுக்குக் கைக்கடிகாரம், ஆசிரியருக்கு ஒரு கயிறு. ஒவ்வொரு நாளும் முதலில் அதைத்தான் தொடக் கொடுப்பார்கள். வாரங்கள் ஆகும்; சில குழந்தைக்கு மாதங்கள் ஆகும். பிறகு ஒருநாள், யாரும் நீட்டாமலே, குழந்தையின் விரல்கள் அந்த மணிக்கட்டைத் தேடிக்கொண்டு வரும்.